மூன்றாம் இயலில் மாங்கூழ்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். நான் படித்த துறையில் இப்போது பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவன். நலம் விசாரித்து, கல்லூரி வேலை எப்படிப் போகிறது என்று கேட்டு, ஊரில் மழை உண்டா என்று கேட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "அக்கா, உங்க தீசிஸ்ல மெத்தடாலஜி சாப்டர் மட்டும் வேர்ட் ஃபைலா இருந்தா அனுப்புறீங்களா? பிடிஎஃப் எடுத்துட்டேன், காப்பி பண்ணா வரியெல்லாம் உடைஞ்சு வருது." அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆய்வு மாணவர்களுக்குள் இது கைமாற்று மாதிரி. இன்றைக்கு அவன் வாங்குவான், நாளைக்கு இன்னொருவன் அவனிடம் வாங்குவான். நானும் அப்படி வாங்கியவள்தான். "அனுப்புறேன்டா" என்று சொல்லிவிட்டு நாலு நாள் அனுப்பாமலே இருந்தேன். ஃபைல் லேப்டாப்பிலேயே இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஆனாலும் கை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அந்த இயல் ஒரு பென் டிரைவில் வந்தது. எனக்கு நாலு வருடம் முன்னால் முடித்த ஓர் அக்காவுடையது. அவருடைய தலைப்பு மகளிர் சுய உதவிக் குழுக்கள், கிருஷ்ணகிரி மாவட்டம். என்னுடையதும் மகளிர் சுய உதவிக் குழுக்கள்தான், மாவட்டம் மட்டும் திருநெல்வேலி. சிரிக்காதீர்கள். வணிகவியல், பொருளாதாரத் துறைகளில் ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் இந்தத் தலைப்புதான். 1989-இல் பழைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழுக்கள், 1997-98-இல் மகளிர் திட்டம் வந்த பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. குழுக்கள் போன இடமெல்லாம் பின்னாலேயே வினாப்பட்டியலும் கையுமாக நாங்களும் போனோம். என் கைடு முதலிலேயே சொல்லிவிட்டார்: "மூணாவது சாப்டர் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. டிசைன், சாம்பிளிங், டூல்ஸ், லிமிட்டேஷன், முடிஞ்சது. அதுல மண்டையை உடைச்சுக்காம அனாலிசிஸ்ல கவனம் வை."

சரி என்று நானும் உடைத்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரி என்று வந்த இடத்திலெல்லாம் திருநெல்வேலி என்று மாற்றும்படி கணினியிடம் சொன்னேன். முப்பத்தேழு இடத்தில் மாற்றிவிட்டதாக அது சொன்னது. பெயர் மாறியதே தவிர மாவட்டம் மாறவில்லை. ஆய்வுப் பகுதியை அறிமுகம் செய்யும் பத்தியில், திருநெல்வேலி மாவட்டம் மாம்பழத்துக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது என்ற வரி ஆறு மாதம் அப்படியே இருந்தது. அல்வாவுக்குப் பேர்போன ஊரில் மாங்கூழ். கைடு அந்த வரைவை இரண்டு முறை பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். கடைசியில் கண்டுபிடித்தது பிரிண்ட் எடுக்கப் போன கடையில் டைப் அடிக்கும் பெண். "ஏன்க்கா, நம்ம ஊர்ல எங்க இருக்கு மாங்கூழ் ஃபேக்டரி?" என்று கேட்டாள். அந்த இயலை முதன்முதலாகப் படித்த ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாங்கூழைத் துடைத்தாயிற்று. அதோடு விட்டது என்று நினைத்தேன். யு.ஜி.சி. 2018-இல் கொண்டுவந்த விதிப்படி ஒத்திருப்பு, அதாவது மற்றவர் எழுத்தோடு அப்படியே பொருந்தும் பகுதி, பத்து சதவீதம் வரை இருந்தால் பிரச்சினை இல்லை. மென்பொருளில் போட்டபோது மற்ற இயல்கள் தப்பித்துவிட்டன, மூன்றாம் இயல் மட்டும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து கிடந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து 'தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்பதைத் 'தெரிவு செய்யப்பட்டனர்' ஆக்குகிற மாதிரி ஆங்கிலத்தில் சொல் மாற்றும் வேலை பார்த்தேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் எங்கள் தலைப்பில் இருக்கும் ஆய்வேடுகளை வரிசையாகத் திறந்து பார்த்தால் இந்த வேலையை எத்தனை பேர் எத்தனை விதமாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். சொல் மட்டும் வேறு வேறாக இருக்கும். யாரிடம் கேட்பது என்று எல்லோரும் குலுக்கல் போட்டிருப்பார்கள், எல்லோருக்கும் மக்கள் முழு ஒத்துழைப்புக் கொடுத்திருப்பார்கள்.

387

ஆய்வு மாணவர்கள் இந்த இயலில் அதிகம் பயப்படுவது மாதிரியின் அளவுக்குத்தான். "ஏன் இத்தனை பேர்?" என்று வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயரும் ஓர் ஆண்டும் வேண்டும். யமானே, 1967. அல்லது கிரெஜ்சி–மார்கன், 1970. நான் எடுத்த ஒன்றியங்களில் குழு உறுப்பினர்கள் சுமார் 12,000 பேர். யமானே கணக்கில் பிழை வரம்பை ஐந்து சதவீதம் என்று வைத்தால் 12,000-ஐ 31-ஆல் வகுக்க வேண்டும். 387 வந்தது. "387 என்னம்மா கணக்கு, 400 போடு, பர்சன்டேஜ் போட வசதியா இருக்கும்" என்றார் கைடு. கிரெஜ்சி–மார்கன் அட்டவணையின் கடைசி வரிக்குப் போனால் பத்து லட்சம் பேருக்கே 384 போதும் என்று இருக்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் கணக்கைப் பிரித்துப் பார்த்ததும் புரிந்தது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக அதன் அளவு அந்தக் கணக்கில் பொருட்டே இல்லாமல் போய்விடுகிறது. 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. அவ்வளவுதான் ரகசியம்.

பாட்டி காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானை எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சோறு வடிக்கிறவர்கள் யாரும் மேலாக மிதக்கும் பருக்கையை எடுத்துப் பதம் பார்ப்பதில்லை. கரண்டியை விட்டு அடிவரை கிளறிவிட்டுத்தான் எடுப்பார்கள். அந்தக் கிளறல்தான் குலுக்கல். கிளறாமல் மேலே இருப்பதை 384 பருக்கை எடுத்தாலும் அடியில் பிடித்தது தெரியாது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதிலும் வாங்கியது. லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் அறுபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்து அந்தப் பெயர்களை எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் காரும் போனும் வைத்திருந்தவர்கள் பானையின் மேல்சோறு.

என் பானையை நான் எப்படிக் கிளறினேன்? அக்காவின் ஃபைலில் 'லாட்டரி முறை' என்று இருந்தது, அதையே விட்டுவிட்டேன். உண்மையில் நடந்தது வேறு. ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒருவரின் நம்பர் வாங்கினேன். அவர் அந்தந்த ஊரில் குழுவை நடத்தும் ஊக்குநரின் நம்பரைக் கொடுத்தார். ஊக்குநர் அக்கா, "நாளைக்கு பதினோரு மணிக்கு வாங்க, ஆட்களை வரச் சொல்றேன்" என்பார். யார் வர வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வர மாட்டார்கள். ஊக்குநரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வர மாட்டார்கள். தவணை கட்டாமல் குழுவை விட்டு நின்றவர்கள் கண்டிப்பாக வர மாட்டார்கள். இதில் சீட்டு எழுதிக் குலுக்குவதற்கு எனக்கு என்ன மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை. இதற்கிடையில் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததில் என் படிவங்களில் பாதி ஒரே நாளில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. அதற்காக மட்டும் துறையில் பெரிய விவாதம் நடந்தது. தலைப்பில் 'பிரிக்கப்படாத' என்று சேர்க்கலாமா, பதிவாளர் அனுமதி வேண்டுமா என்றெல்லாம். குலுக்கல் போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை.

சரின்னே போட்டுக்கிடுங்க

ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊக்குநர் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பெண்கள் சும்மா உட்கார்வதில்லை, எல்லோர் மடியிலும் பீடித் தட்டு இருந்தது. இலையை எடுத்து, தூளை வைத்து, சுருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றித் தட்டில் போடுவார்கள். கண் என் மேல் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் ஒரு கேள்வி கேட்டு, அதை விளக்கி, பதில் வாங்கி, கட்டத்தில் குறி போடுவதற்குள் இரண்டு பீடி ஆகிவிடும். நான்காவது ஆளிடம் பேசும்போதுதான் கவனித்தேன், கேள்வி நீளமாக இருந்தால் விரல் கொஞ்சம் தயங்கும். அவர்களுடைய கூலியில் எவ்வளவு நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு அந்தத் தட்டு ஒரு கணக்கு.

வினாப்பட்டியலில் இருபத்திரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். பேச்சில் யாரும் உடன்படுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அதனால் நான் வாயாலேயே மாற்றிக் கேட்டேன்: ரொம்ப சரி, சரி, சொல்லத் தெரியல, சரியில்ல, சுத்தமா சரியில்ல. 'குழுவில் சேர்ந்த பிறகு வீட்டுச் செலவை முடிவு செய்வதில் எனக்குப் பங்கு இருக்கிறது.' சரி. 'குழுக் கடனால் என் வருமானம் கூடியிருக்கிறது.' சரி. 'வங்கிக்குத் தனியாகப் போய் வர எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.' சரி. யாராவது தயங்கினால், பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஊக்குநர் அக்கா எடுத்துக் கொடுப்பார். "ஏன், நம்ம குழு லோன்லதானே நீ மாடு வாங்குன, சொல்லு." ஒருவர் ஆதார் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். படிவம் லோனுக்கு என்று நினைத்திருக்கிறார். இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார், நகலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்தார். ஆனால் பிறகு அவர் சொன்ன பதில்கள் எல்லாம் லோன் கேட்கிறவரின் பதில்களாகவே இருந்தன.

அறுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி இருந்தார். ஏழெட்டு வாக்கியம் வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "டீச்சர், உங்களுக்கு எது போட்டா நல்லதோ அதையே போட்டுக்கிடுங்க. நான் என்னத்த சொல்லிரப் போறேன்?" என்றார். முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வரி பிடித்திருந்ததால் அவருடைய படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். மீதிக் கட்டங்களுக்கும் கேட்டுக் குறி போட்டேன். எல்லாம் 'சரி'. ஊக்குநர் அக்கா டீ கொடுத்தார், இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஒரே நாளில் பதினொரு படிவம் முடித்த சந்தோஷம்.

0.58

அது முன்னோட்ட ஆய்வு. மொத்தம் ஐம்பது படிவம். ஐம்பதையும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி நம்பகத்தன்மை பார்த்தேன். பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட க்ரான்பாக் ஆல்ஃபா என்று ஒரு எண் வரும், 1951-லிருந்து உலகம் முழுக்க எல்லோரும் போடுவது. 0.7-க்கு மேல் இருந்தால் கருவி நல்ல கருவி என்பது ஆய்வாளர்களிடையே எழுதப்படாத சட்டம். எனக்கு 0.58 வந்தது. அன்று இரவு சாப்பிடவில்லை. வினாப்பட்டியலையே மாற்ற வேண்டுமா, ஊர் ஊராக மறுபடி போக வேண்டுமா என்று பயம். அடுத்த நாள் ஒரு சீனியர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா அழுற? எந்தக் கேள்வியை எடுத்தா ஆல்ஃபா எவ்வளவு ஏறும்னு பக்கத்துலயே ஒரு பத்தி வருது பாரு. மோசமானதைத் தூக்கிடு." பார்த்தேன். மூன்று வாக்கியங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தன. மூன்றையும் தூக்கினேன். 0.87. ஐந்து நிமிடத்தில் என் கருவி நல்ல கருவி ஆகிவிட்டது. முதன்மை ஆய்வுக்கு நானூறு பேரிடம் மீதிப் பத்தொன்பது வாக்கியங்களோடு போனேன்.

ஒன்றரை வருடம் கழித்து, 2021-இல், மூன்றாம் இயலை ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். மாங்கூழ் சம்பவத்துக்குப் பிறகு அக்காவின் ஃபைலை நம்பப் பயம். முன்னோட்ட ஆய்வு பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும், எந்த மூன்று வாக்கியங்களை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பரண் மேல் கட்டைப்பையில் இருந்த ஐம்பது படிவங்களையும் இறக்கித் தரையில் பரப்பினேன். எடுத்த மூன்றும் திருப்பிப் போட்ட வாக்கியங்கள். 'கடன் என் பெயரில் வந்தாலும் அதை எப்படிச் செலவு செய்வது என்று முடிவு செய்வது வேறு ஒருவர்.' 'குழுக் கடனை அடைக்க வெளியில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.' 'கூட்டத்தில் என் கருத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.' இப்படித் திருப்பிப் போட்ட வாக்கியங்கள் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும் என்பது லிக்கர்ட் 1932-இல் இந்த அளவுகோலை அறிமுகம் செய்தபோதே சொன்ன யோசனை. நான் மூன்றுதான் வைத்திருந்தேன், அதுவும் ஒரு பயிலரங்கில் சொன்னார்கள் என்பதற்காக.

படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீட்டுச் செலவை நான்தான் முடிவு செய்கிறேன்: சரி. கடனைச் செலவு செய்வது வேறு ஒருவர்: சரி. ஒரே ஆள், ஒரே படிவம், ஒரே பேனா. ஐம்பதில் முப்பத்தெட்டு படிவங்களில் இப்படி. என்ன கேட்டாலும் சரி. மென்பொருளுக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால் திருப்பிப் போட்ட வாக்கியத்துக்குச் 'சரி' என்றால் அது மற்றதற்கு நேர் எதிர்க் கணக்கு. அதனால்தான் 0.58. அந்த மூன்றையும் எடுத்ததும் முரண் மறைந்தது. எல்லாவற்றுக்கும் 'ரொம்ப சரி' போட்டவர் கடைசி வரை 'ரொம்ப சரி', வெறும் 'சரி' போட்டவர் கடைசி வரை 'சரி'. ஆல்ஃபா பார்ப்பது அந்தச் சீரைத்தான். அந்தச் சீர் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. என் 0.87 அளந்தது பெண்களின் அதிகாரமளிப்பை அல்ல, ஊக்குநர் முன்னால் அவர்கள் காட்டிய மரியாதையை. என் வினாப்பட்டியலில் உருப்படியாக வேலை செய்த கேள்விகள் மூன்றே மூன்று. அந்த மூன்றையும்தான் தூக்கியிருந்தேன்.

ஆச்சியின் படிவம் நடுவில் எங்கோ இருந்தது. திருப்பியபோது பென்சில் எழுத்து. 'உங்களுக்கு எது போட்டா நல்லதோ அதையே போட்டுக்கிடுங்க.' ஒரு இயல் முழுக்க நான் எழுத வேண்டியதை அந்த மனுஷி முற்றத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறேன். (க்ரான்பாக்கே தன் கடைசிக் காலத்தில், பெரும்பாலான தரவுகளுக்கு ஆல்ஃபாதான் மிகப் பொருத்தமான வழி என்று இப்போது நினைக்கவில்லை என்று எழுதினார். அவர் இறந்த பிறகு, 2004-இல் அந்தக் கட்டுரை வெளியானது. இதை நான் தெரிந்துகொண்டபோது என் ஆய்வேடு பைண்டிங் ஆகியிருந்தது.)

பட்டது யார்?

அதன் பிறகு அந்த இயலின் வாக்கியங்களையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் முறையியல் இயலின் இலக்கணம் ஒன்றுதான். தரவுகள் சேகரிக்கப்பட்டன. மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வினாப்பட்டியல் வழங்கப்பட்டது. எல்லாமே '-பட்டன', '-பட்டது'. யார் சேகரித்தது, யார் தேர்ந்தெடுத்தது என்று எங்கேயும் இருக்காது. தமிழில் 'பட்டது' என்றால் அனுபவித்தது, கஷ்டப்பட்டது என்றும் பொருள் வரும். இந்த இயலில் பட்டது யார் என்று மட்டும் வராது. கடைசியில் வரும் 'ஆய்வின் வரையறைகள்' பகுதி இன்னும் மோசம். 'பதிலளித்தோரின் சார்புநிலை முடிவுகளைப் பாதித்திருக்கலாம்' என்ற வரி அக்காவின் ஃபைலில் இருந்தது, அக்காவுக்கு முன்னால் இருந்தவரிடமும் இருந்திருக்கும். ஊக்குநரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் கேள்வி கேட்டது நான். சார்புநிலை மட்டும் அவர்களுடையதாம்.

இதை எல்லோரும் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஸ்ரீபுரம் என்று அதற்குப் புனைபெயர் வைத்தார். 1965-இல் வந்த அந்த நூலில், தான் அக்கிரகாரத்தில் தங்கியிருந்ததையும், அதனால் ஊர்க்காரர்கள் தன்னைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்ததையும், ஆதிதிராவிடர்கள் பற்றிய தன் தகவல்கள் அந்த அளவுக்குச் செறிவாக இல்லை என்பதையும் அவரே சொல்கிறார். நான் இந்த நூலைப் பாடத்திட்டத்துக்காக முன்பே படித்திருக்கிறேன், சாதி, வர்க்கம், அதிகாரம் என்று குறிப்பெடுத்திருக்கிறேன். தங்கிய தெரு பற்றிய பக்கத்தில் ஒரு அடிக்கோடுகூட இல்லை. தேர்வுக்கு வராது அல்லவா.

ஒரு வியாழக்கிழமை மறுபடியும் ஆலங்குளம் பஸ் ஏறினேன். இந்த முறை ஊக்குநருக்குப் போன் செய்யவில்லை, படிவமும் எடுத்துப் போகவில்லை. நேராக ஆச்சி வீட்டுக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. "லோன் டீச்சரா?" என்றார். லோன் டீச்சர் இல்லை என்று இன்னொரு முறை சொன்னேன். இலை வெட்டிக்கொண்டிருந்தார், நானும் ஒரு கத்தரியை வாங்கி வெட்டிப் பார்த்தேன், இரண்டு இலையை வீணாக்கியதும் பிடுங்கிக்கொண்டார். உடன்படுகிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்காமல், "ஆச்சி, கடைசியா குழுவுல எடுத்த பணம் கைக்கு வந்த அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். பேங்கிலிருந்து வந்த வழியிலேயே மகனிடம் கொடுத்திருக்கிறார், ஆட்டோ டியூவுக்கு. பக்கத்து வீட்டுப் பெண் தானாகவே வந்து உட்கார்ந்து சொன்னார்: குழுத் தவணைக்கு வாரக் கடன் எடுத்தது, வாரக் கடனுக்குக் கம்மலை வைத்தது. அடுத்த வீட்டில் நிஜமாகவே பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் பாதித் தொகையை மட்டும் சொல்லி, மீதியில் மகளை நர்சிங் சேர்த்த ஒருவர் இருந்தார். அதிகாரமளிப்பு என்று நான் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியிருந்ததற்கு அவர்தான் உதாரணம். ஆனால் என் பழைய படிவத்தில் அவருக்கும் ஆச்சிக்கும் ஒரே மதிப்பெண்தான் வந்திருந்தது. ஐந்தாறு வியாழக்கிழமைகளில் இரண்டு ஊர்களில் முப்பத்தொரு பேரோடு இப்படிப் பேசினேன். மாதிரி அளவு என்று பார்த்தால் இதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

எழுதிக்கொண்டுபோய்க் கைடிடம் கொடுத்தேன். லாட்டரி முறையை அடித்துவிட்டு, ஊக்குநர்கள் கூட்டிவைத்தவர்களிடம், பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள், பெரும்பாலும் ஊக்குநர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டேன் என்று எழுதியிருந்தேன். 0.58-ஐயும் எழுதியிருந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபது நிமிடம் பொறுமையாகப் படித்தார். ஓரத்தில் பென்சிலால் 'தேவையா?' என்று எழுதினார். "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா எக்ஸாமினர் இதைப் பார்த்தா, அப்ப உன் நாலாவது சாப்டர் எதுக்குன்னு கேப்பார். என்ன பதில் சொல்லுவ?" நியாயமான கேள்வி. நாலாவது இயலில் எண்பத்து மூன்று அட்டவணைகள் இருந்தன. என்னிடம் பதில் இல்லை, ஃபெல்லோஷிப்பும் முடிந்திருந்தது. கடைசியில் பேரம் படிந்தது. மாதிரித் தேர்வை உள்ளபடி எழுதுவது, முன்னோட்ட ஆய்வுக் கதை 'வரையறைகள்' பகுதியில் ஒரு பக்கத்துக்கு மிகாமல், முப்பத்தொரு பேரின் பேச்சு பின்னிணைப்பில். எண்பத்து மூன்று அட்டவணைகளும் அப்படியே இருக்கும். நான் ஒப்புக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வைவாவில் கை-வர்க்கச் சோதனை பற்றி நாலு கேள்வி, பரிந்துரைகள் பற்றி இரண்டு கேள்வி. அந்த ஒரு பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறப்பார்கள் என்று முதல் நாள் இரவெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது நாள் அந்தத் தம்பி மறுபடி போன் செய்தான். "அக்கா, மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை என்றேன். அவன் தலைப்பு நூறு நாள் வேலைத் திட்டத்தில் பயனாளிகளின் திருப்தி. "மூணு ஒன்றியம், 384 பேர், குலுக்கல் முறை" என்று நான் கேட்காமலே ஒப்பித்தான். அனுப்புகிறேன், ஆனால் ஒன்று சொல் என்றேன்.

"ஊருக்குப் போறப்ப உன்கூட யாரு வந்தா?"

"மாமா வந்தார்க்கா. புது ஆளைப் பார்த்தா யாரும் பேச மாட்டாங்கல்ல. மாமா கூட இருந்ததால நாலே நாள்ல முடிச்சிட்டேன்."

"மாமா என்ன பண்றார்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பஞ்சாயத்துத் தலைவரா இருக்கார்க்கா."

"திருப்தி எவ்வளவு வந்துச்சு?"

"தொண்ணூத்தி நாலு பர்சன்ட்" என்றான்.